பாட்டியின் பதினோரு வருடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை இரண்டே கால் மணி. லூமுட்டில் ஒரு கம்பெனியின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு சின்ன அறை. முன்பு ஸ்டோர் ரூமாக இருந்ததாம். உள்ளே குளிர்சாதனம் 18 டிகிரியில் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே என் அண்ணன், பெரியப்பா மகன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். லூமுட்டில் ஸ்வெட்டர் போடும் ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

நான் அங்கே போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. லீவில் சித்தியவானுக்கு வந்திருந்தேன். அண்ணி, "ராத்திரி பூரா அங்கதான் இருப்பாரு, இத குடுத்துட்டு வந்துரும்மா" என்று நாசி லெமாக் பொட்டலங்களையும் ஒரு பிளாஸ்க்கையும் கையில் கொடுத்தார். கொடுக்கப் போனவள் விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அன்று இரவு அண்ணன் கம்பெனியை வீடு மாற்றிக்கொண்டிருந்தார். மேசை நாற்காலிகளை அல்ல. அந்த அறைக்குள் ஓடிக்கொண்டிருந்த 14 கணினிகளை. அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூடக் கையால் தொட முடியாது.

புரியவில்லையா? எனக்கும் புரியவில்லை. அண்ணன் சொன்ன உதாரணத்தையே சொல்கிறேன். தோட்டத்து லயம் ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். ஒரே நீளக் கூரை, நடுவில் பலகைச் சுவர்கள், வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனி சாமிப் படம், தனிச் சண்டை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கட்டடம், உள்ளே இருப்பவர்களுக்குப் பத்து வீடு. சர்வர் அறையிலும் அதே கதைதான். இரும்புப் பெட்டிகள் மூன்றே மூன்று. ஒரு மென்பொருள் அவற்றுக்குள் சுவர் எழுப்பி, ஒவ்வொரு தடுப்பையும் ஒரு முழுக் கணினி போல நடமாட விடுகிறது. சம்பளக் கணக்கு ஒன்றில், சரக்குக் கணக்கு இன்னொன்றில், மின்னஞ்சல் வேறொன்றில். ஒவ்வொன்றும் தான் மட்டுமே அந்தப் பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இவற்றுக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். உண்மையில் அது சில கோப்புகளின் தொகுப்பு மட்டுமே. அதனால்தான் அதை அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் குடிவைக்க முடிகிறது.

"நல்லாத்தானே ஓடுது, ஏண்ணே மாத்துறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன முதல் காரணம் கடல். கப்பல் உதிரிப்பாகம் ஏற்றி இறக்கும் கம்பெனி என்பதால் கரையை விட்டுத் தள்ளிப் போகவும் முடியாது. உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. போதாததற்கு நம் ஊர் இடி. பெரிய மழை வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டில் சோறு தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது காரணம் வயது. மூன்று பெட்டிகளில் இரண்டு ஏழு வருடத்தைத் தாண்டிவிட்டன.

மூன்றாவதுதான் முதலாளியை அசைத்தது. சுவர் எழுப்பும் அந்த மென்பொருளை உலகம் முழுவதும் அதிகமான கம்பெனிகள் வாங்கியது வி.எம்.வேர் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து. 1998-இல் தொடங்கப்பட்டது. 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிம விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான். சின்னதும் பெரிதுமாகப் பல வாடிக்கையாளர்கள் புதுப்பிக்கும் விலை எகிறிவிட்டதாகப் புலம்பினார்கள். அந்தக் கடிதம் லூமுட் மாடிக்கும் வந்து சேர்ந்தது. முதலாளி எண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாராம்.

போகிற இடம் இப்போது தூரமும் இல்லை. முன்பெல்லாம் கிளவுட் என்றால் நமக்கு சிங்கப்பூர். அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தரவு மையங்களைத் திறந்தது. மூன்று தனித்தனித் தொகுதிகள், ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடவேண்டும் என்ற கணக்கில். அதற்குப் பின்னால் 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று தொகுதிகளோடு வந்தது. கிளவுட் என்றதும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அது வானத்தில் இல்லை. யாரோ ஒருவர் நிலம் வாங்கி, மின்சாரம் இழுத்து, தண்ணீர் விட்டுக் குளிரவைத்திருக்கும் கட்டடம். நாம் அங்கே வாடகைக்குப் போகிறோம், அவ்வளவுதான்.

வாடகை வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு. தாத்தா நட்ட பலாமரம்கூடத் துரையுடைய மரம்தான். அதனால் "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டா கவலை இல்ல" என்று யாராவது சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. அவர் உடனே எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வுகால நிதி. நம் இபிஎஃப் மாதிரி. உறுப்பினர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அண்ணன் செய்த அதே வேலையை அவர்களும் செய்திருந்தார்கள். தங்கள் மெய்நிகர் கணினிகளை கூகுள் கிளவுடுக்குக் கொண்டுபோனார்கள். 2024 மே தொடக்கத்தில் அந்தத் தனிக் கிளவுட் முழுவதும் அழிந்துபோனது. ஹேக்கர் யாரும் வரவில்லை. ஆரம்பத்தில் அதை அமைத்தபோது கூகுள் பக்கத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். காலியாக விட்டால் ஒரு வருடத் தவணை என்று மென்பொருள் தானாக எடுத்துக்கொண்டது. வருடம் முடிந்தது, எச்சரிக்கைகூட இல்லாமல் வீட்டை இடித்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாக உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டு வர உதவியவற்றில் முக்கியமானது, வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் தனியாக வைத்திருந்த நகல்.

அப்படியானால் சொந்த வீடே மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோனில் அரசாங்கத்தின் சொந்தத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எரிந்து சாம்பலானது. 858 டெராபைட். அவ்வளவு பெரியதை எப்படி நகலெடுப்பது என்று வெளியே நகலே வைக்கவில்லை. வாடகை வீடும் போகும், சொந்த வீடும் போகும். இன்னொரு பிரதி இன்னொருவர் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அண்ணன் மூன்று மாதமாக முதலாளியிடம் மல்லுக்கட்டி, வேறொரு நிறுவனத்திடம் நகல் வைக்கக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

இதெல்லாம் இரண்டு மணிக்குக் கேட்ட கதை. மூன்று மணிக்குக் கேட்டதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

வீடு மாற்றுவதற்கு முன்னால் என்ன செய்வோம்? சாமான் பட்டியல் எடுப்போம். கணினிகளை மாற்றுவதிலும் பாதி வேலை அதுதான் என்கிறார் அண்ணன். எது என்ன வேலை செய்கிறது, எது எதோடு பேசுகிறது, எதை நிறுத்தினால் எது நிற்கும். 13 கணினிகளுக்குப் பதில் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. பெயர் "பழசு 2" என்று யாரோ வைத்திருந்தார்கள். விண்டோஸ் சர்வர் 2003. மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவியே, 2015 ஜூலையிலிருந்து, பத்து வருடமாகிறது. வைத்தவர் வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருடம். கணக்குப் பிரிவைக் கேட்டால் "எங்களது இல்லை." சரக்குப் பிரிவைக் கேட்டாலும் அதே பதில்.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஆலோசகர் இளைஞர், கெட்டிக்காரர். "நெட்வொர்க்கைத் துண்டிச்சுட்டு ஒரு மாசம் பாப்போம். யாராவது கத்துனா திருப்பிப் போடுவோம். யாரும் கத்தலேன்னா அழிச்சிடலாம்" என்றார். அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை. உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருக்கிற வழக்கம்தான். துண்டித்தார்கள். ஒரு மாதம் போனது. யாரும் கத்தவில்லை.

"அழிச்சிரலாமா, ப்ரோ?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்ன பதில் அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பே இல்லை. "எங்க பாட்டி இருபத்திரண்டு வருஷம் கத்தவே இல்ல."

எனக்குப் புரிந்தது.

பாட்டி 1961-இல் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டச் சேர்ந்தார். 1972-இல் தோட்டம் கைமாறியது. புது முதலாளி, புது கிராணி, புது செக்ரோல் புத்தகம். பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள், பாட்டி "இருக்கேன்" என்றார், வேலை தொடர்ந்தது. பழைய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன தேவை? சம்பளம் வந்துகொண்டுதானே இருந்தது.

1994-இல் தோட்டத்தை மூடினார்கள். நம் நாட்டில் 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிமுறைகள் இருக்கின்றன. ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது அதன் குறைந்தபட்சக் கணக்கு. முதலாளி மாறினாலும் வேலை தொடர்ந்ததால் பாட்டிக்கு 33 வருடம் சேரவேண்டும். ஆபீஸ் புத்தகத்தில் இருந்தது 22. 1972-க்கு முன்னால் பாட்டி என்று ஒருவர் அந்தத் தோட்டத்தில் இருந்ததாக ஒரு காகிதம்கூட இல்லை. 11 வருடம், 220 நாள் சம்பளம். அந்தக் காலத்து எங்கள் குடும்பத்துக்கு அது புது வீட்டின் முன்பணத்தில் பெரும்பங்கு.

மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்ல பாட்டி கூட்டிக்கொண்டு போனது அண்ணனை. அவருக்கு அப்போது 12 வயது. "பழைய புத்தகம் இருந்தா காட்டுங்க" என்று ஆபீசில் சொன்னதை அவர்தான் பாட்டிக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். பாட்டி தன் கையைத் திருப்பி மேசைமேல் வைத்துக் காட்டினாராம். உளி பிடித்த காய்ப்பு. அதைப் பார்த்து யாரும் வருடம் எண்ண முடியாதே. நான் அப்போது நாலு வயதுக் குழந்தை. இந்தக் கதையை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். அண்ணன் வாயால் கேட்டது அன்று இரவுதான் முதல் தடவை.

அதனால் அவர் "பழசு 2"-ஐ அழிக்கவில்லை. நெட்வொர்க் இல்லாமல் தனியாக ஓடவிட்டு, கடவுச்சொல்லை உடைக்க இரண்டு சனிக்கிழமையைச் செலவழித்து உள்ளே போனார். உள்ளே ஒரு பழைய சம்பளக் கணக்கு மென்பொருள். 2006 முதல் 2012 வரை. இந்தக் கம்பெனி 2013-இல் ஒரு சின்ன லோரி கம்பெனியை வாங்கியிருந்தது. அந்தச் சின்னக் கம்பெனியின் ஆட்கள் அதில் இருந்தார்கள்.

புதிய சம்பளக் கணக்கைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த ஆட்களில் 61 பேருக்கு, வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் ஒரே தேதி. 2013 ஜனவரி 1. அன்றுதான் அவர்கள் எல்லாரும் பிறந்தது போல.

யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குப் பெயர்களை ஏற்றியபோது தேதி சரியாக ஒட்டவில்லை. அவசரத்தில் யாரோ ஒரே தேதியைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததால் ஒருவரும் கத்தவில்லை. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. 61 பேரில் பலர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். இன்னும் வேலையில் இருப்பவர்கள் 38 பேர்.

அண்ணன் பட்டியலை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்தார். அது சுலபமான வேலை இல்லை, யோசித்துப் பாருங்கள். அந்தத் தேதிகளைத் திருத்தினால் கம்பெனியின் பொறுப்பு கூடும். நாளைக்கு ஆட்குறைப்பு வந்தால் ஒவ்வொருவருக்கும் சில வருடம் அதிகமாகக் கொடுக்கவேண்டும். போதாததற்கு, கணினிகளைக் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால் உனக்கு இங்கே என்ன வேலை என்று ஆபீசில் ஏற்கனவே சிலர் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே கேட்டு வந்த நேரம் அது. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். அண்ணி, "பேசாம இருந்துருங்களேன்" என்று ஒரு தடவை சொன்னதாகவும் தெரிகிறது.

முதலாளி இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, 38 பேருக்கும் திருத்தச் சொன்னாராம். ஓய்வுபெற்றுப் போனவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்" என்று முடித்துக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

சரி, இரவுக்கு வருவோம். வானொலியில் பத்து விநாடி மௌனம் வந்தால் எங்களுக்கு அது விபத்து. மேலாளர் ஓடிவருவார். அண்ணனோ கம்பெனியிடம் ஆறு மணி நேர மௌனத்தை எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தார். சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து ஞாயிறு காலை ஆறுவரை யாரும் எதையும் தொடக்கூடாது.

ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிட முடியாது. கணக்கு எளிது. மொத்தம் 4 டெராபைட். விநாடிக்கு 100 மெகாபிட் இணையத்தில், தடங்கலே இல்லாமல் ஓடினாலும் ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். கம்பெனி பகலில் வேலையும் செய்யவேண்டுமே. ஆகவே இரண்டு வாரத்துக்கு முன்பே கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முழு நகல் போய்ச் சேர்ந்ததும், அதன் பிறகு மாறியதை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் செய்தது கடைசித் துளியை அனுப்பி, இங்கே நிறுத்தி, அங்கே எழுப்புவது. கேட்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு கணினியாக அந்தப் பக்கம் எழும்போது அண்ணன் ஒரு காகிதத்தில் கோடு போட்டார். 14 மெய்நிகர் கணினிகளுக்கு ஒரு காகிதம், ஒரு பேனா.

ஐந்து மணிக்கு எல்லாம் எழுந்துவிட்டது. ஐந்து பத்துக்குப் பிரச்சினை வந்தது. வாசலில் இருக்கும் கைரேகை வருகைப் பதிவுக் கருவி பழைய சர்வரின் ஐ.பி. முகவரியைத் தன் வயிற்றுக்குள் எழுதிவைத்திருந்தது. அதற்கு வீடு மாறிய செய்தியை யாரும் சொல்லவில்லை. பட்டியலில் அது இல்லவே இல்லை. ஆறு மணிக்கு லோரி ஓட்டுநர்கள் வருவார்கள். அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். தூரத்தில் படகுத்துறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சின்னப் பொத்தான்களை அழுத்தி, எழுத்து எழுத்தாகப் புது முகவரியை அடித்து முடிக்கையில் மணி ஆறுக்கு நாலு நிமிடம்.

முதலில் வந்தவர் நரைத்த தலை ஓட்டுநர் ஒருவர். "என்ன தம்பி, ஏணி மேல?" என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்தார். கருவி "தெரிமா காசி" என்றது. அண்ணன் அதற்குப் பிறகுதான் நாசி லெமாக்கைப் பிரித்தார்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. முதல் பில் வந்து, முதலாளி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாராம். சொந்தப் பெட்டியில் தேவைக்கு மேல் நினைவகம் கொடுத்துவைத்தால் யாருக்கும் வலிக்காது. வாடகை இடத்தில் ஆள் இல்லாத அறைக்கும் மணிக்கணக்கில் பணம். 32 ஜிகாபைட் வைத்திருந்த ஒரு கணினி உண்மையில் ஐந்தைக்கூடத் தாண்டுவதில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. வாரத்தில் 168 மணி நேரம் ஓடிய சோதனைக் கணினியை வேலை நேரத்தில் மட்டும் ஓடும்படி 50 மணியாகக் குறைத்திருக்கிறார். அண்ணனின் புது வேலை இதுதான். ஸ்வெட்டர் போய்விட்டது, கால்குலேட்டர் வந்துவிட்டது. கம்பெனிக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பது ஒரு வருடம் போனால்தான் தெரியும் என்கிறார். கிளவுடிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று 2022-இல் அறிவித்துவிட்டுச் சொந்தப் பெட்டிகளுக்கே திரும்பியது.

பில்லில் கடைசி வரியில் ஒரு சின்னத் தொகை வருகிறது. ஓடாமல், வட்டில் மட்டும் தூங்கும் ஒரு கணினிக்கு. இது எதற்கு என்று முதலாளி கேட்டிருக்கிறார். 61 பேரில் 23 பேர் கணக்கு இன்னும் முடியவில்லையே, அதற்கு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டேன், "அதோட பேரு இன்னும் பழசு 2தானா, அண்ணே?"

"இல்லலா," என்றார். "செக்ரோல்னு மாத்திட்டேன்."